தொடர் ஓட்டத்தில் நூல் பிடித்தவர்கள்

மணக்கரை,
17.2.1974, ஞாயிறு

அன்பு மகள் அம்சவல்லிக்கு அப்பா எழுதிக்கொள்வது. வீட்டில் நாங்கள் மூன்று பேரும், ஆடு கோழி உட்பட, சுகம். பம்பாயில் உனக்குச் சளி விட்டதா, வார்டில் வேலை குறைந்ததா என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், ஏதோ உன் ஆஸ்பத்திரி நம் தெருக்கோடியில் இருப்பதைப் போல. அதற்கு மறக்காமல் பதில் எழுது. போன கடிதத்தில் அறுவடைக் கூலிச் சண்டையையும், சங்கத்துக்காரர்கள் நாங்கள் நாலு நாள் லாக்கப்பில் இருந்ததையும் எழுதி உன்னை அழவைத்துவிட்டேன். இந்தக் கடிதம் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்து இரண்டு நாளாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மந்திரிக்க வேண்டும் என்கிறாள் அம்மா.

நம் பள்ளிக்கூடத்துக்கு ஐப்பசியில் முத்துப்பேட்டையிலிருந்து கமருன்னிஸா என்று ஒரு டிரில் டீச்சர் வந்திருக்கிறார். நீ படித்த காலத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் விசில் ஊதியதும் எல்லோரும் புளியமரம் வரைக்கும் ஓடுவது, அவ்வளவுதான். இந்த டீச்சர் ஓட்டத்தில் எத்தனை வகை உண்டு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, மழை விட்டதும் ஆற்றோரத் திடலில் உமிச்சாம்பலால் கோடு போட்டு, ஒவ்வொன்றாக ஓடவிட்டே காட்டினார். நூறு மீட்டர் என்றால் ஒரே பாய்ச்சல். ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் அதே பாய்ச்சலைப் பாய்ந்த எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டாம் சுற்றிலேயே நெல்மூட்டை மாதிரி விழுந்து கிடந்தார்கள், மெதுவாகப் புறப்பட்டுப் பேசிக்கொண்டே ஓடிய இரண்டு பெண் பிள்ளைகள் அவர்களைத் தாண்டிப் போய் முடித்தார்கள். தடை ஓட்டத்துக்கு மூங்கில் கட்டித் தாண்டச் சொன்னார், வாய்க்கால் தாண்டியே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஒரு வேலையா. நடைப் பந்தயம்தான் பெரிய கூத்து. முந்த வேண்டும், ஆனால் ஓடக் கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இடுப்பை ஆட்டி ஆட்டி ஐம்பது பிள்ளைகள் போனதைப் பார்த்து ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கரையேறிவிட்டார்கள். உன் தங்கச்சி பொன்னுத்தாய் இப்போது மண்ணெண்ணெய் வாங்கப் போவதுகூட நடைப் பந்தயமாகத்தான், எண்ணெய் சிந்தவில்லை என்பதால் அம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை.

கடைசியாக வந்தது தொடர் ஓட்டம். நாலு பேர், ஒரு குச்சி, ஒருவர் ஓடி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வட்டாரப் போட்டிக்குப் பெண்கள் அணி எடுத்ததில் மூன்றாவது ஆள் நம் பொன்னுத்தாய், நாலாவது ஆள் மிராசுதார் பஞ்சநதத்தின் மகள் மங்களாம்பிகை. எந்தப் பஞ்சநதம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, என்னை உள்ளே தள்ளிய அதே ஆள்தான். நம் தெருப் பிள்ளை தொட்ட குச்சியை என் பெண் வாங்குவதா என்று அவர் குதித்தாராம். நானும் யோக்கியன் இல்லை அம்மாடி, பண்ணை வீட்டுப் பெண்ணுக்காக என் பெண் ஓட மாட்டாள் என்று சங்கத்தில் வைத்தே சொன்னேன். அங்கே மங்களாம்பிகை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்து அப்பாவை மடக்கிவிட்டாள். இங்கே உன் அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏங்க, அது சங்கத்துக் காலு இல்ல, அவ காலு," என்றாள். சரி, ஓடட்டும் என்றேன்.

போட்டி நம் திடலிலேயே, ஆறு பள்ளிக்கூடம். எல்லைக்கோட்டில் நூல் பிடிக்க ஆள் வேண்டும் என்று டீச்சர் கேட்டார், சரி என்று போனேன். நூலின் இந்த முனையை என் கையில் கொடுத்தார், அந்த முனையைப் பார்த்தால் ஜரிகை வேட்டியோடு பஞ்சநதம். அவருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருநூறு பேர் பார்க்கிறார்கள், போட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. நூலை இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் அது வீணைத் தந்தி மாதிரி நின்றது.

விசில் ஊதியது. முதல் இரண்டு பிள்ளைகள் நன்றாகவே ஓடினார்கள், பொன்னுத்தாய் வாங்கி எல்லோருக்கும் முன்னால் வந்தாள். கை மாற்றும் இடத்தில் குச்சி நழுவிக் கீழே விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, விழவைத்ததே நம் பெண்தான் என்று நாளைக்குப் பேசுவார்களே என்று. போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். அப்போது அந்த முனையிலிருந்து, "பொன்னுத்தாயி, பதறாத, எடுத்துக் குடு," என்று சத்தம். என் மகளின் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மங்களாம்பிகை நின்ற இடத்தை விட்டு அசையாமல் கையை நீட்டியபடி நின்றாள், இவள் எடுத்துக் கொடுத்தாள். ஐந்து பேரும் முன்னால் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஓடினாள் பார், ஒருத்தியைத் தாண்டினாள், இரண்டு பேரைத் தாண்டினாள், "மங்களம், விடாத, விடாத" என்று யாரோ தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பார்த்தால் நான்தான். மிராசுதார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடுகிறார், நானும் ஓடுகிறேன், இரண்டு பேர் கையிலும் நூல் அப்படியே இருக்கிறது. முதலில் வந்த பிள்ளைக்கு நூல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, அது எங்கள் இரண்டு பேர் காலையும் சுற்றி நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தோம்.

டீச்சர் வந்து தலைக்கு மேல் நின்றார். "பிள்ளைங்கதாங்க கோட்டுக்கு வரணும். கோடு பிள்ளைங்ககிட்ட போகக் கூடாது," என்றார். ஜனம் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்தது. நல்ல வேளை தரையில் சாம்பல் கோடு இருந்தது, அதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள், நமக்கு இரண்டாவது இடம், முதல் இரண்டு அணிகள் திருவாரூர்ப் போட்டிக்குப் போகலாம். பிள்ளைகள் நாலு பேரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள், யார் எந்தத் தெரு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

புழுதியைத் தட்டிவிட்டுப் பஞ்சநதம் என்னைப் பார்த்து, "ராஜாங்கம், நாளன்னைக்கு மறுநா தாலுகா ஆபீஸுக்கு வர்றேன்," என்றார். கூலிப் பேச்சுவார்த்தைக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் வராத மனுஷர், வழக்கமான 'டேய்' கூட இல்லை. "வாங்க, ஆனா கூலி நெல்லுல ஒரு மரக்கால்கூட நான் எறங்க மாட்டேன்," என்றேன். அது தெரியும் என்றார். நான் ஏமாந்துவிட்டேன் என்று நினைக்காதே, நாளைக்குத் திங்கட்கிழமை கணக்கெல்லாம் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். இருந்தாலும் எதிரே உட்கார்ந்து அந்த மனுஷர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ரயிலில் கதவோரம் நிற்காதே. பங்குனி முதல் வாரம் திருவாரூர்ப் போட்டி, லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. நல்ல ஆரோக்கியமும் மனத் தைரியமும் உன்னை விட்டு நீங்காமல் இருக்கட்டும், நீ தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். இன்னும் எழுதலாம், ஆனால் வாசலில் ஒரே இரைச்சல். மங்களாம்பிகை முதல் தடவையாக நம் தெருவுக்குள் வந்து, "பொன்னுத்தாயி, ஓடிப் பழக வரியா" என்று கூப்பிட்டாள். குச்சி பள்ளிக்கூடத்தில் இருப்பதால் இரண்டும் அடுப்படி அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் ஓடுகின்றன. உலையில் சோறு கொதிக்கிறது, அகப்பையைக் கேட்டு உன் அம்மா பின்னாலேயே ஓடுகிறாள். அது எந்த வகை ஓட்டமோ, ஆனால் நெருங்கிவிட்டாள்.

இப்படிக்கு
உன் அப்பா
ஐ. இராஜாங்கம்