அம்மா ஓட்டிய தண்ணீர் லாரி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? என் மகள் உன்னை ரொம்பப் படுத்துகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். நேற்று மட்டும் சலவைக்கூடத்தில் ஓட்டல் துணிகளுக்கு இஸ்திரி போடும்போது கையை லேசாகச் சுட்டுக்கொண்டேன். பயப்படாதே, கோபத்தில் கவனம் சிதறிவிட்டது, அவ்வளவுதான்.

பெரியப்பா அச்சடிக்கப்போகும் நம் குடும்ப வரலாற்றைப் போனில் அனுப்பியிருந்தார். உன்னைப் பற்றி ஒரே வரி: ‘சிறந்த இல்லத்தரசி.’ அப்பா படுத்த படுக்கையான பிறகு நீ தண்ணீர் லாரி ஓட்டி எங்களை வளர்த்தது எங்கே போயிற்று? உடனே அவரைக் கூப்பிட்டேன்.

“பொம்பள லாரி ஓட்டினதையெல்லாம் எழுதினா குடும்பத்துக்கு அழகா? உங்கம்மாவே வேணாம்னுதான் சொன்னா.”

“அந்த லாரிதான் பெரியப்பா எங்களுக்குச் சோறு போட்டுச்சு. அது இல்லாத புஸ்தகத்துல என் பேரும் வேணாம்.”

போனை வைத்துவிட்டார்.

அவரை விடு. நீ ஏனம்மா வேண்டாம் என்றாய்? நீ என்ன திருடினாயா?

இனி உன் கதையை நானே எழுதப்போகிறேன். ஸ்டியரிங் பிடித்த முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பு. என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசு. குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாள், அதட்டாதே. அவள் குரலும் சேர்ந்தே வரட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்