குழிக்கு ஒரு முழம்

நேற்றுச் சாயங்காலம் ஆட்டுக்காரர் சங்கையா கடைக்கு வந்தார். மருந்துச் சீட்டைக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். அவர் வேட்டி மடியை அவிழ்த்து, கண்ணாடி மேசைமேல் ஒரு மண்ணுருண்டையை வைத்தார்.

“அண்ணாச்சி, ஒங்க முட்டை. ஓடை மேட்டுப் புஞ்சையில டிராக்டர் உழுதுச்சு. கலப்பைக்குப் பின்னால கெளம்பி வந்துட்டு.”

நம் ஆட்டத்துப் பந்தை அவர் முட்டை என்றுதான் சொல்வார். குழாயடியில் கழுவினேன். வெள்ளை நிறம் போய்ப் பழுப்பாகியிருந்தது. ஆனாலும் நீ ஊசியைச் சுட்டு எனக்கென்று வைத்த புள்ளி அப்படியே இருந்தது. மண் கரையக் கரைய நனைந்த கரிசலின் வாசனை எழும்பிற்று. அந்த வாசனைக்கு ஊரே மூக்கை விரித்துக்கொண்டு நிற்கும். எனக்கு மட்டும் ஆகாது. ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு நீ ரயில்வே வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாய். நான் அப்பாவின் மருந்துக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் மணியாச்சிக்கு மாற்றலாகி நீ வந்தபோது, உன்னிடம் ஒரு நீளமான கித்தான் பை இருந்தது. மீன் பிடிக்கிற சாமானோ என்று நினைத்தேன். உள்ளே பழைய கோல்ஃப் மட்டைகள். வடக்கே ஓர் அதிகாரி ஓய்வு பெற்றுப் போகும்போது உனக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்றாய்.

“இது பணக்காரங்க ஆட்டம்லா?” என்று கேட்டேன்.

“அடிக்கிறவன் பணக்காரனா மருந்துக்கடைக்காரனான்னு பந்துக்குத் தெரியுமாலே?”

எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். பிறவியிலேயே பாதி, மீதி கடையில் வந்தது. காலையில் கடை திறந்தால் தேள் கடித்தவன், வெயிலில் மயங்கி விழுந்தவன், ஆணி குத்தியவன் என்று வந்துகொண்டே இருப்பார்கள். உலகத்தில் என்னென்ன நடக்கக்கூடும் என்பதை அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருப்பவன் எப்படி நிம்மதியாக இருப்பான்? பந்து யாருடைய மண்டையிலாவது பட்டால்? ஆட்டின் கண்ணில் பட்டால்? அரை டவுசர் வயதைத் தாண்டிய இரண்டு பேர் கம்பைச் சுழற்றுவதை என் மாமனார் பார்த்துவிட்டால்?

நீ சிரிப்பாய். “எனக்கும் சேத்து நீதான் பயப்படுதியேலே. பெறகு நான் எதுக்குப் பயப்படணும்?”

கோடையில் நம் மண் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு விட்டுக் கிடக்கும். பந்து நூறடி பறந்து போய் அழகாக விழும். நாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு உருளு உருண்டு வெடிப்புக்குள் போய்விடும். வெடிப்பில் விழுந்தால் அபராதம் இல்லை, பக்கத்தில் வேறு பந்தை வைத்து அடித்துக்கொள்ளலாம் என்று நீயே ஒரு சட்டம் போட்டாய். உள்ளே கையை விடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதை மதித்ததே இல்லை நீ. தோள்பட்டை வரைக்கும் கையை விட்டுத் துழாவுவாய். உள்ளே விரியன் சுருண்டு கிடக்குமோ என்று நான் முருகா முருகா என்று நிற்பேன். பந்தோடு கை வெளியே வரும்வரை எனக்கு மூச்சு வராது.

பந்தை உருட்டிக் குழியில் தள்ளுவதற்குச் சமதளம் வேண்டுமே. இந்த வெடிப்புக்காட்டில் அதற்கு எங்கே போவது? அதைக் கண்டுபிடித்ததும் நீதான். சங்கையா ராத்திரியில் ஆடுகளைப் புஞ்சைகளில் கிடை போடுவார். எருவுக்காக அடைத்த ஆடுகள் மிதித்து மிதித்து, வெடிப்பெல்லாம் தூர்ந்து, தரை சிமிண்டுப் பால் ஊற்றியது மாதிரி ஆகிவிடும். புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு பால் பவுடர் டப்பாவைப் புதைத்தால் குழி தயார். கிடை இடம் மாற மாற நம் குழியும் மாறும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாம் சங்கையாவைத்தான் தேடுவோம்.

“அண்ணே, நேத்து கிடை எங்கன?”

“எடைசெவல் வண்டிப்பாதைக்குக் கீகாட்டுல. அண்ணாச்சிமார் ரெண்டு பேரும் எதுக்கு இந்தப் புழுக்கையில வந்து கெடக்கியன்னு என் பொண்டாட்டி கேக்கா. என்ன பதில் சொல்ல?”

ஆட்டமென்று பேர்தான். முக்கால்வாசி நேரம் எனக்கு எரிச்சல்தான். ஓங்கி அடித்தால் மட்டை காற்றைத்தான் அடிக்கும். இல்லாவிட்டால் மண்ணை அடிக்கும். மணிக்கட்டு ராத்திரி முழுக்க வலிக்கும். கடைக்குப் பின்னால் குடையைத் தலைகீழாகப் பிடித்துப் பழகினேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, “பல்லி அடிக்கியளா?” என்று கேட்டாள். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். கடைசி அடியில் ஒன்றே ஒன்று சரியாக விழும். கையில் பாரமே தெரியாது. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து எழும்பி, வானத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எதைப் பார்த்தும் பயம் கிடையாது. அந்தச் சுகத்துக்காகத்தான் அடுத்த வாரமும் வந்தேன்.

அப்புறம் அந்தச் சித்திரை மாதம். கிடை ஓடை மேட்டுப் புஞ்சையில் கிடந்தது. சுற்றிலும் வெட்டவெளி, தூரத்து வரப்பில் ஒற்றைப் பனை. அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, மூன்றே அடியில் என் பந்து குழியிலிருந்து ஒரு முழத்தில் போய் நின்றது. அதுவரை ஏழெட்டு அடிக்குக் குறைந்து நான் எந்தக் குழியையும் முடித்ததில்லை.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மின்னல் வெட்டியது.

“போயிருவோம்லே. கையில பூரா இரும்பு,” என்றேன்.

“ஒரு முழந்தான கெடக்கு. தட்டி விட்டுட்டு வா. ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டே இருக்கலாம்.”

குனிந்தேன். தட்டுவதற்குள் கூழாங்கல் கணக்காகத் துளிகள் விழுந்தன. நிமிர்வதற்குள் மழை கொட்டிற்று. பையும் மட்டையுமாக வீசி எறிந்துவிட்டு ஓடினேன். நனைந்த கரிசலில் எங்கே ஓடுவது? ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு சட்டி மண் ஒட்டியது. செருப்பு இரண்டும் போயின. பின்னால் திரும்பினால், நீ வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தாய். கையில் மட்டை.

“அதப் போடுலே! கீழ போடு!”

நீ போடவில்லை. பழைய மட்டை மேல் அவ்வளவு பாசமா என்று எனக்கு ஆத்திரம். திரும்பி வந்தேன். நான்தான் வந்தேன், இன்றைக்கும் நம்பமுடியவில்லை. கிட்டே வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. கண் சிமிட்டவே இல்லை.

“விட முடியலலே,” என்றாய். “கை விட மாட்டேங்கு.”

உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மட்டையைத் தூர எறிந்து, உன் பிடரியை அமுக்கிக் குத்தவைத்தேன். அடுத்த நிமிஷம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. கண் திறந்தபோது பனையின் தலை புகைந்துகொண்டிருந்தது. தூரத்தில் சங்கையா கம்பளியைப் போர்த்தியபடி ஆடுகளோடு ஆடாகப் படுத்துக் கிடந்தார். நாம் உயிரோடு இருக்கிறோம் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

ஊருக்குள் வரும்போது நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: “நான் பயந்தேன்னு எவன்ட்டயும் சொல்லிராத.”

“நீ எங்க பயந்த? நான் பாக்கலியே.”

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பயம் இல்லாதவன் இல்லை நீ. உன் பங்கையும் என்னிடம் கொடுத்து வைத்திருந்தாய், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த வாரம் போய்த் தேடினோம். மட்டைகள் கிடைத்தன. மழைத் தண்ணீர் எந்த வெடிப்புக்குள் தள்ளியதோ, மண் பொங்கி எல்லாம் மூடிக்கொண்டு, பந்தை மட்டும் காணோம். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். நீ என் தோளில் கை போட்டாய். “ஆட்டம் முடியலலே. பந்து உள்ளதான கெடக்கு. அது வரும்போது தட்டிக்கிடலாம்.”

அது வருவதற்குள் நீ போய்விட்டாய்.

மதுரை ஆஸ்பத்திரியில், நெஞ்சைத் திறக்கப்போகிற நாள் காலையில், உன் வீட்டில் எல்லோரும் உன் தைரியத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டு கிடந்தாய். அவர்கள் வெளியே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“பயப்படுதியாலே?”

“ஆமா.”

“எனக்கும் சேத்துப் பயந்துக்கோ.”

தள்ளுவண்டி வந்த பிறகும் உன் கை விடவில்லை. நர்ஸம்மா, “விடுங்க அண்ணாச்சி, நேரமாகுது,” என்றார். நான்தான் உன் விரல்களைப் பிரித்தேன், ஒவ்வொன்றாக. அன்றைக்குப் புஞ்சையில் பிரித்தது உன்னைக் காப்பாற்றியது. அந்த நினைப்பில்தான் பிரித்தேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் மனைவி, பந்தைக் குழியில் தட்டிவிடுகிற அந்தக் குட்டை மட்டையைக் கொண்டுவந்து தந்தார். “நீங்களே வச்சுக்கிடுங்கண்ணே. வீட்ல பாத்தா எனக்குப் பயமா இருக்கு,” என்றார். அது கடைக்குள் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. மேற்கே இடி இறங்கினால் இன்றைக்கும் எழுந்து வாசலுக்கு வந்து ஓடை மேட்டுப் பக்கம் பார்க்கிறேன். நீ அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

இன்று காலை கடையை அடைத்துவிட்டு மட்டையும் பந்துமாகப் போனேன். உழுத புஞ்சைக்கு அடுத்ததில் ராத்திரி கிடை கிடந்திருக்கிறது. பாய் விரித்தது மாதிரி தரை. சங்கையா குதிகாலால் திருகி ஒரு குழி போட்டார். “இம்புட்டு ஆழம் போதுமா அண்ணாச்சி?” என்றார். ஒரு முழம் அளந்து பந்தை வைத்தேன். வானத்தில் மேகமே இல்லை. காற்றுகூட இல்லை.

மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தேன். தட்டினால் விழுந்துவிடும் என்று தெரிந்தது. விழுந்துவிட்டால் நம் ஆட்டம் முடிந்துவிடும்.

“தட்டுங்க அண்ணாச்சி,” என்றார் சங்கையா.

“மழை வாரது மாதிரி இருக்கு. போயிருவோம்,” என்றேன்.

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.