கணவரை எழுப்பி நடக்க வைக்கும் செல்போன் குரல் பற்றி

அனுப்புநர்:
தையற்கடைக்காரரின் மனைவி,
(காஜா, பொத்தான் வேலை)
மருந்துக்கடைக்கு எதிர்க் கடை.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நீரிழிவு தடுப்புப் பிரிவு.

பொருள்: தங்கள் அலுவலகத்திலிருந்து செல்போனில் வரும் நடைப்பயிற்சிக் குரல் – குறை தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவருக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உட்கார்ந்தே இருக்காமல் நடந்தால் தப்பிக்கலாம் என்று சொல்லி, சுகாதார நிலையத்து நர்ஸம்மா அவருடைய எண்ணைத் தங்கள் செல்போன் திட்டத்தில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு பெண் குரல் வருகிறது. என் குறை அந்தக் குரலைப் பற்றியது.

1. இந்த மனிதரை நடக்கச் சொல்லித் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். "இந்தத் தையல் முடியட்டும்" என்பார். சோறு ஆறிப்போனாலும் அதே பதில்தான். இப்போது அந்தக் குரல் "கொஞ்சம் எழுந்து நடக்கலாமா?" என்று கேட்டதும், பாதித் தையலில் ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டு, "இதோ கிளம்பிட்டேம்மா" என்று போனுக்குப் பதில் சொல்லி எழுகிறார். பதிவு செய்த குரலுக்குப் பதில் எதற்கு என்றால், ஒரு மரியாதைக்கு என்கிறார். எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

2. நடக்கப் போக இஸ்திரி போட்ட சட்டை வேண்டுமாம். என்னோடு கல்யாண வீட்டுக்கு வரக் கசங்கியதே போதும். இவர் தையற்காரர் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

3. சென்ற வாரம் ஒருநாள் குரல் வரவில்லை. இவரும் எழவில்லை. சாயங்காலம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க, நானும் வர்றேன் என்று வாசலில் நின்றேன். "இன்னும் சொல்லலையே" என்று மறுபடி மெஷினில் கால் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காஜா எடுக்க உட்கார்ந்தேன். வயிறு எரிந்தது ஐயா. மறைப்பானேன், பொறாமைதான்.

குரலை நிறுத்தச் சொல்லி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதே சர்க்கரையால் இவருடைய அண்ணனுக்குக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் கை வரவில்லை. போன பரிசோதனையில் இவருக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. நர்ஸம்மா சொன்னபோது இவர் போனைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நான்தான் நின்றேன்.

ஆகவே குரல் வரட்டும். "உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு நடங்கள்" என்று ஒரு வரி மட்டும் அதில் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால் கேட்க மாட்டார். அந்தக் குரல் சொன்னால் கேட்பார்.

நாள்: ஞாயிறு, கடை விடுமுறை
இடம்: தையற்கடை

தங்கள் பதிலை எதிர்நோக்கி,
செருப்போடு காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையற்கடைக்காரரின் மனைவி