மகள் தின்ற கடைசிப் பக்கம்

என் மகளின் அம்மாவுக்கு,

இங்கே எல்லாம் சௌக்கியம். கீழ்வீட்டு அக்காதான், "என்ன தம்பி, ஆறு மாசமா உங்க வீட்ல பேய் சத்தமே இல்லையே?" என்று துக்கம் விசாரிக்கிறாள். நீங்கள் இருவரும் போனது தெருவுக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா என்ன.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வீட்டுக்கு அந்தப் பழைய பேய்ப் புத்தகத்தோடு வந்தேன். நீ சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வழக்கம்போல் பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டுப் பொக்கைவாய்ப் பேயாகப் படித்தேன். ஒரு வயதில் நம் மகள் கடைசிப் பக்கத்தைத் தின்றதிலிருந்து முடிவு என் கைச்சரக்குதானே? துரத்தப்பட்ட பேய் திரும்பி வந்து கதவைத் தட்டும். வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே திறப்பாள்.

"அப்படி இல்லப்பா" என்று உள்ளே ஓடினாள் நம் மகள். மாமா வாங்கித் தந்த, அதே கதையின் புதுப் புத்தகத்தோடு வந்தாள். "பாரு, பேய் பெட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எல்லாரும் நிம்மதியா தூங்கறாங்க. நீ பொய் சொல்லியிருக்க."

"திரும்பி வராதா கண்ணு?"

"அதான் புத்தகம் முடிஞ்சு போச்சே."

பார்த்தேன். அழகான படம். வீட்டுக்காரியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உன்னிடம் நான் பார்த்ததே இல்லை.

நீ மனம் மாறுவாய் என்று ஆறு மாதமாக மேசையிலேயே போட்டு வைத்திருந்த விவாகரத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டு, இதோடு வைத்திருக்கிறேன்.

கிளம்பிய அவசரத்தில் பொய்ப்பல்லை அங்கே சோபாவிலேயே விட்டுவிட்டேன். எடுத்து எறிந்துவிடு. அதைச் சாக்காக வைத்துக் கதவைத் தட்டமாட்டேன்.

இப்படிக்கு,
பொக்கைவாயன்