பிரபு கேம் போகிறான்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. சைக்கிள் சீட் நனைந்திருந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அரியலூர் சிமெண்ட் ஆலை கேட்டில் நாள் முழுக்க நின்றபடியே டியூட்டி. சூப்பர்வைசர் பாராட்டு வேறு: "உக்காராம பாக்குற ஒரே செக்யூரிட்டி நீதான்யா."

பிரபுவிடமிருந்து வாட்ஸப். மகன் செர்பியா போய் ஏழு மாதம். "அப்பா, நாளைக்கு கேம் போறோம். போன் ஆஃப்ல இருக்கும்." கம்பெனியில் விளையாட்டுப் போட்டி போல. பள்ளிக்கூடத்தில் கபடி டீமில் இருந்தவன். "ஜெயிச்சுட்டு வாடா" என்று போட்டேன். கூடவே கப் படம் ஒன்று.

வாங்க வேண்டியது: தனத்துக்கு பிரஷர் மாத்திரை, சைக்கிளுக்கு சீட் கவர்.

பிப். 5, வியாழன்

தோற்றுவிட்டானாம். "மறுபடி போவோம்பா. இது ரெண்டாவது." ரெஃப்ரி சரியில்லையா என்று கேட்டேன். சிரிக்கிற பொம்மை மட்டும் வந்தது. கால் வீக்கம் என்று அவன் அம்மா தனத்திடம் சொன்னானாம். அடிபடாமல் கபடியா?

இதை கேட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார்.

"எந்த நாடுன்னீங்க?"

"செர்பியா, பாய்."

"கேம்னே எழுதினானா?"

"ஆமா."

"அண்ணே, அது விளையாட்டு இல்ல. பார்டரத் திருட்டுத்தனமாத் தாண்டுறதுக்கு அங்க அதான் பேரு. என் தங்கச்சி மவனும் இப்படித்தான் சொன்னான். காடு, ஆறு, போலீசு நாய். எல்லாம் ஏஜெண்டு வேல."

கேட்டைத் திறக்க மறந்து நின்றேன். பின்னால் வரிசையாக ஹாரன்.

கப் படம் அனுப்பியிருக்கிறேன், நான்.

பிப். 6, வெள்ளி

பிரபுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. வேலைக்கென்று எடுத்த கம்பெனி இரண்டே மாதத்தில் வெளியே அனுப்பிவிட்டது. விசாவும் முடிந்தது. இத்தாலி போனால் தோட்டவேலை உண்டாம். நாளன்னிக்கு ஆறு தாண்ட வேண்டும்.

"ஒனக்கு நீச்சல் தெரியாதேடா."

"டியூப் இருக்குப்பா. சேகருக்குத் தெரியும், புடிச்சுப்பான்."

சேகர் அவனோடு தங்கியிருக்கிற பாடாலூர் பையன்.

தனம் போனைப் பிடுங்கினாள். "பொறப்பட்டு வந்துடு சாமி."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டும்மா வரது?"

"இந்த மூஞ்சியவே ஒங்கம்மா இருபத்தாறு வருசமாப் பாக்குறா. நீ வாடா" என்றேன். சிரித்தான். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

பிப். 7, சனி

கேண்டீனில் இன்று என் மகன்தான் பேச்சு. ஷிஃப்ட் மாற வந்த இன்னொரு செக்யூரிட்டி கலியபெருமாள் சொன்னான்: "பாஸ் இல்லாம ஒருத்தன் நம்ம செவுரு ஏறிக் குதிச்சா விடுவியா நீ? அவன் நாடு, அவன் கேட்டு."

காதர் பாய் டம்ளரை வைத்தார். "கான்ட்ராக்டரு பின்கேட்டு வழியா பாஸ் இல்லாத ஆள எறக்குறப்ப நீங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம்யா பாக்குறீங்க? வேலைக்கு ஆளு வேணும், ஆளுக்குச் சீட்டு குடுக்க மாட்டான். அங்கயும் அதே கததான்."

"அதுக்காவ ஆத்துல எறங்கணுமா?"

"எறங்கணும்னு நான் சொல்லல. எறங்குறவனத் திருடன்னு சொல்லாதங்குறேன்."

இருவர் சொல்வதும் சரியாகப் பட்டது. அது என் வியாதி. மதியம் பாஸ் மறந்து வந்த வெல்டர் ஒருவனைத் திருப்பி அனுப்பினேன். நாலு எட்டு போனதும் கூப்பிட்டு உள்ளே விட்டேன்.

பிரபுவுக்கு எழுதினேன்: "தோத்துட்டு வாடா. அப்பா சொல்றேன்." பார்த்துவிட்டான்.

பிப். 9, திங்கள்

நேற்றிலிருந்து அவன் போன் ஆஃப். தனம் சிறுவாச்சூர் போயிருக்கிறாள். கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பு. நல்லவேளை, இன்று திங்கள். நான் உப்புமா கிண்டினேன். கருகல். சாப்பிட்டேன்.

டியூட்டியில் ஒரே லாரியை இரண்டு முறை பதிவு செய்தேன்.

பிப். 10, செவ்வாய்

காலை பதினொன்று. லீவு போட்டு வீட்டில் இருந்தேன். வெளிநாட்டு நம்பர். பிரபு.

"அப்பா, மாட்டிக்கிட்டேன். போலீஸ்ல இருக்கேன். ஊருக்கு அனுப்பிடுவாங்க போல."

மகன் போலீசில் மாட்டியதற்கு மேலே பார்த்துக் கும்பிட்ட தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தனம் விளக்கேற்ற ஓடினாள்.

"அடிச்சாங்களா?"

"அத விடுங்கப்பா. சேகரக் காணோம். என்னைக் கரையில தள்ளிட்டு, இன்னொருத்தனப் புடிக்கத் திரும்புனான். அப்புறம் பாக்கல. ரெண்டு நாளாச்சு. அவங்கப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா? என்னால முடியலப்பா."

நம்பர் சொன்னான். எழுதிக்கொண்டேன்.

நேரில் போவதுதான் முறை. ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று போன் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் மோட்டார் சத்தம்.

"பிரபு அப்பாவா? சேகரு ஒங்களப் பத்திச் சொல்லியிருக்கான். சொல்லுங்க சொல்லுங்க. இங்க தண்ணி பாச்சிக்கிட்டிருக்கேன், கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."