மாலையைக் கழற்றிவிட்டுச் சிரிக்க வேண்டும்

மச்சான்,

நேற்று முற்பகல் கடலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உன்னைப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த டிவியில் ஏதோ பழைய சீரியலை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி ஒரு படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். படத்தில் நீ. நெற்றியில் சந்தனப் பொட்டு, சட்டத்தைச் சுற்றி பிளாஸ்டிக் மாலை, கீழே சின்ன சிவப்பு பல்பு. "நீங்க மட்டும் உயிரோட இருந்திருந்தா எனக்கு இந்த நிலைமை வந்திருக்குமாப்பா?" என்று அவள் கேட்டாள். கேமரா உன் முகத்தை நோக்கித் திரும்பத் திரும்பப் பாய்ந்தது. நீ எங்கோ பார்த்தபடி பொறுமையாக இருந்தாய்.

"இந்த ஆளு எந்த நாடகத்துல வந்தாலும் செத்துப்போய்தான் சார் வருவாரு" என்றார் டீ மாஸ்டர். அவருக்கு உன்னைத் தெரியாது. நீ இருந்திருந்தால் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு இன்னொரு டீ சொல்லியிருப்பாய். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சிதம்பரத்தில் அரசாங்க ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன் நீ. ஆபீஸ் நாடகங்களில் ராஜா வேஷம் உனக்குத்தான். உன் மனைவி தவறிய பிறகு, மகள் சுதா பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினாய். முதல் சீரியலில் நல்ல அப்பா வேஷம் கிடைத்தது. சில வாரங்களிலேயே உன்னைக் கொன்றுவிட்டார்கள். உன் படம் மட்டும் அந்த வீட்டுச் சுவரில் வருஷக்கணக்கில் தொங்கியது. முகராசி என்று மற்ற கம்பெனிக்காரர்களும் கூப்பிட்டார்கள். "உசுரோட நடிச்சது கொஞ்சம்டா, போட்டோவா நடிச்சதுதான் ஜாஸ்தி" என்பாய்.

சீரியல்களைப் பற்றி நாம் பேசிய பேச்சுக்கு அளவில்லை. ஷூட்டிங் முடிந்து நீ சிதம்பரம் திரும்பியதும் தெற்கு வீதியில் நடந்துகொண்டே பேசுவோம். உயிரோடு இருக்கும் அப்பா குடிகாரனாக இருப்பான், இல்லாவிட்டால் பிடிவாதக்காரன், இல்லாவிட்டால் வாயில்லாப் பூச்சி. நல்ல அப்பா வேண்டுமென்றால் அவன் செத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான கார்ட்டூன் படத்திலும் அதே கதைதான் என்று நீ ஒருமுறை கண்டுபிடித்துச் சொன்னாய். அந்த மாதிரி படம் ஒன்றில் கிழட்டு ஆமைக்குக் குரல் கொடுத்திருந்தாய். குட்டி ஆமையிடம் கடலைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு அப்பா ஆமை செத்துப்போகும். "பெத்தவன் செத்தாதான் புள்ள ஊட்ட வுட்டுக் கெளம்பும். கெளம்புனாதான் கதை" என்றாய்.

பேச்சு விஷயத்தில் உன்னை ரொம்பப் படுத்தினார்கள். "நல்லவங்க 'இன்னா'ன்னு பேச மாட்டாங்க சார்" என்று ஒரு உதவி இயக்குநர் சொன்னதை எனக்கு நடித்துக் காட்டினாய். நம் பேச்சு வாட்ச்மேனுக்கும் அடியாளுக்கும் போனது. உனக்கு எந்த ஊருடையதும் இல்லாத சுத்தமான ஒரு தமிழைக் கொடுத்தார்கள். வசனத்தாளை சுதா கையில் வைத்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுப்பாள். நீ கூடத்தில் நடந்துகொண்டே திருப்பிச் சொல்லுவாய். அவளுக்கு உன் வசனம் எல்லாம் மனப்பாடம்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போட்டால், ஷாட் முடிந்ததும் மாலையைக் கழற்றி, பொட்டைத் துடைத்து, அந்த ஆள் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். பிணமாகப் படுத்தவரும் எழுந்து சிரிக்க வேண்டும். சிரிக்காமல் வீட்டுக்குப் போனால் அது ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். லீவு நாட்களில் ஷூட்டிங்குக்கு வரும் சுதா அந்த வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டாள். "ஷாட் முடிஞ்சிடுச்சுப்பா. சிரி" என்று மிரட்டுவாள். சாமி இல்லை பூதம் இல்லை என்று என்னோடு சண்டை போடுகிற நீ, அவள் சொன்னால் பல் தெரியச் சிரிப்பாய்.

பிறகு அந்த சாயங்காலம். நானும் உன் வீட்டில் இருந்தேன். கூடப் படித்த லால்பேட்டைப் பையன் ரியாசைக் கட்டிக்கொள்ளப் போவதாக சுதா சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். நீ எழுந்தாய். உன் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். குரல் மாறியது.

"இந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பொண்ணே இல்லை. என் பொண்ணு செத்துட்டா. அவளைத் தலைமுழுகிட்டேன்."

'இன்னா' இல்லை, 'பூட்டா' இல்லை. சுத்தத் தமிழ். கொல்லைக்குப் போய் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்தாய். அப்படியே கீழவீதிக்குப் போய் மாலை வாங்கிவந்து, சுவரில் இருந்த அவளுடைய பட்டமளிப்புப் படத்துக்குப் போட்டாய். சந்தனம் குழைத்துக் கண்ணாடிமேல் பொட்டும் வைத்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாய்.

சுதா எல்லாவற்றையும் நின்று பார்த்தாள். "அப்பா, இது போன வாரம் நான் உனக்குப் படிச்சுக் காட்டின வசனம். தண்ணி ஊத்திக்கறதும் அதுல இருக்கு" என்றாள். "சொந்தமா ஒரு வார்த்தை கூட வரலியாப்பா?" என்று கேட்டாள். பதிலுக்காகக் கொஞ்சநேரம் நின்றாள். வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தி சேகரிக்கப் போகிற இடங்களில் நான் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தீக்குளித்த பெண்ணின் மாமியார் மைக்கைப் பார்த்ததும் சீரியல் மாமியார் மாதிரியே சத்தியம் செய்கிறாள். மகளைப் பறிகொடுத்த தாய் கூட, முதலில் வெறும் சத்தமாக அழுதவள், கேமரா வந்ததும் வாக்கியமாக அழுகிறாள். துக்கம் பொய் இல்லை. அதைச் சொல்ல வேறு பேச்சு கைவசம் இல்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வந்து வேறு யாரோ கற்றுக்கொடுத்த பேச்சு அது.

மாலை வாடியதும் நீயே கழற்றிவிட்டாய். பொட்டைத் துடைக்கவில்லை. லால்பேட்டை ஒரு பஸ் தூரம். நீ போகவில்லை. அவளும் வரவில்லை. குழந்தை பிறந்த செய்தியை நான் சொன்னபோது, "சரி" என்றாய்.

நுரையீரல் கெட்டுப்போய் கடலூர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் வாயைத் திறந்தாய். "டேய், தொழில்ல ஒரு மொற இருக்குல்ல. மாலைய நான் கழட்டிட்டேன். சிரிக்க வேண்டியவ அவ. சிரிக்காமலே போய்ட்டாடா." மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னாய்: "நான் பூட்டா அந்தப் பொட்டு அப்படியே நிக்கும். எம் பொண்ணு நம்ம ஊட்டுச் செவுத்துல செத்தவளாவே நிக்கும். ஒரு தடவ வந்து சிரிச்சுட்டுப் போவச் சொல்லு."

காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறி லால்பேட்டையில் இறங்கினேன். சுதா என்னை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னாள். நீ சொன்னதைச் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, கடைசி எபிசோட்ல அப்பா படுக்கையில கிடப்பாரு, பொண்ணு ஓடிவந்து கால்ல விழுவா, அவரு தலையில கை வெச்சுட்டுப் போய்ச்சேருவாரு. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரா?"

"அப்படி இல்லம்மா. பயப்படறான்."

"சரி. எனக்கு அவரு சொந்தமா ஒரு வார்த்தை சொல்லட்டும். மன்னிப்பெல்லாம் வேணாம். யாரும் எழுதிக் குடுக்காத வார்த்தை. அன்னிக்கே வர்றேன்."

உள்ளே டிவியில் உன் குரல் கேட்டது. கதவுக்குள் எட்டிப்பார்த்தேன். உன் பேத்தி தரையில் உட்கார்ந்து ஆமைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இதேதான் மாமா" என்றாள் சுதா. "ஆமை செத்ததும் அழும். முதல்லேந்து போடும்மான்னு கேக்கும். போட்டா மறுபடி உயிரோட வரும்ல? அது யாரு குரல்னு அதுக்குத் தெரியாது. டிவிய அணைக்கவும் எனக்கு மனசு வரல."

அவள் கேட்டதை உன்னிடம் வந்து சொன்னேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாய். இப்படி யோசித்து நான் உன்னைப் பார்த்ததே இல்லை. "இந்தப் பாவியை மன்னிச்சிடும்மா" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "இது சீரியல்ல பேசுனது" என்றாய். அடுத்த நாள், "நீ நல்லா இருந்தா எனக்கு அதுவே போதும்" என்றாய். உடனே தலையை ஆட்டினாய். "இதுவும் பேசுனதுதான்டா. செவப்புச் சட்ட போட்டுனு." சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்தார். அவர் போன பிறகு, "எங்கிட்ட ஒண்ணுமே இல்லடா மச்சான். எல்லாம் அவுங்க எழுதிக் குடுத்தது" என்றாய். அப்போது உன் முகத்தில் இருந்த பயத்தை எந்த சீரியலிலும் நான் பார்த்ததில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து ஒரு பிற்பகல். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்கப் பேரக்குழந்தை ஒன்று வந்திருந்தது. கட்டில் கம்பியில் ஏறி இறங்கி விளையாடியது. அதன் அம்மா பேர் சொல்லி அதட்டினாள். நீ வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"டேய், சுதா புள்ளக்கி இன்னா பேரு வச்சிருக்கா?"

எனக்கும் தெரியவில்லை. போன இடத்தில் கேட்கத் தோன்றவில்லை.

"இவ்ளோ நாள் பேப்பர்காரனா இருந்து இன்னா கிழிச்ச? போய்க் கேட்டுனு வா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நீ சொன்னது என்னவென்று உனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடிக்கு வந்து சுதாவுக்குப் போன் போட்டேன்.

"அப்படியே சொல்லுங்க மாமா. பேப்பர்ல போடற மாதிரி திருத்தாதீங்க" என்றாள்.

உன் இழுப்போடு அப்படியே சொன்னேன். மறுமுனையில் அவளுக்குப் பின்னால் ஆமை பேசிக்கொண்டிருந்தது, மூச்சிரைப்பு இல்லாத உன் பழைய குரலில். அது முடிந்த பிறகுதான் அவள் பேசினாள். குழந்தையின் பெயரைச் சொன்னாள். "காலையில முதல் பஸ்ஸுக்குப் புள்ளயக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் திரும்பி வந்தபோது உன் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். "இப்பதான் தூங்கறாரு. எழுப்பாதீங்க. காலையில வாங்க" என்றார் நர்ஸ். காலையில் போனேன். உன் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரத்தில் உன்னை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். நல்ல படம் வேண்டுமென்று உன் தங்கை அலமாரியில் தேடி, சீரியலுக்கு எடுத்த அந்தப் படத்தையே கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். தெருப் பெண்கள் உன்னைவிட அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அதிகம் அழுதார்கள். வழியிலேயே சேதி தெரிந்து, சுதா குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஓடிவந்து விழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவள் விழவில்லை. உன் பக்கம் பார்க்காமல் கூடத்துச் சுவருக்குப் போனாள். தன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றினாள். கண்ணாடியில் சந்தனம் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. எச்சிலைத் தொட்டு, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சுலபத்தில் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். படத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் கீழே நின்றாள்.

"மாமா, போன்ல ஒரு போட்டோ எடுங்க" என்றாள். குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "ஷாட் முடிஞ்சிடுச்சு. சிரி" என்றாள்.

பிறகு அவளும் சிரித்தாள். பல் தெரிய, உன்னை மாதிரியே.

"அப்பன் பொணமாக் கெடக்கறான், இளிக்கறதப் பாரு. இதுக்குத்தான் வந்தாளா?" என்றார் உன் தங்கை. சுதா திரும்பவில்லை. நான் எடுத்து முடித்துவிட்டேனா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் உன்னிடம் வந்தாள். அப்போது அவள் அழுததை நான் எழுதப் போவதில்லை.

'சீரியல் நடிகர் காலமானார்' என்று ஒற்றைப் பத்தியில் செய்தி போட்டோம். எழுதியவன் நான்தான். நீ கடைசியாகக் கேட்ட கேள்வியை அதில் சேர்க்கவில்லை. அது செய்தி இல்லை.

அந்தப் போட்டோ என் போனில் இருக்கிறது. லேசாகக் கலங்கியிருக்கிறது. சுதா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். குழந்தை சிரிக்கவில்லை. நீ படுத்திருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேற்று டீக்கடையை விட்டு வெளியே வந்ததும் அதைத்தான் திறந்து பார்த்தேன். உள்ளே அந்தக் கதாநாயகி இன்னும் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்னிடம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன், மச்சான்.

உன் பேத்தி பேர் ரிஸ்வானா.