மண்டலம் மாற்றும் ஆணை

நாள் 212, 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் மாசானமுத்து, இந்தச் செவ்வாய் நிலையத்தின் ஒரே ஆள். காற்றுச் சுத்தி ஓடுகிறது. அழுத்தம் சரி. முன்னால் இருந்த பல நாட்டுக்காரர்கள் விட்டுப்போன வீடியோ வட்டுகள் ஒரு பெட்டி நிறைய. ஓட்டும் கருவி ஒன்று உண்டு, மென்பொருள் இல்லை. கருவிக்குச் சொல்லும் ஆணைகளின் கையேடு மட்டும் கிடைத்தது: திற, ஓட்டு, நிறுத்து, மண்டலம் மாற்று. எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டு ஓடினாலும், ஒரே காலையில் மென்பொருள் எழுதிவிட்டேன். செவ்வாயிலேயே முதல் ஆள். கையேட்டின் பின்பக்கங்களை நான் படிக்கவில்லை. எனக்கெதற்கு?

நாள் 213, 11:40
உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள், ஒவ்வொரு வட்டும் ஒரு மண்டலத்துக்காரன். கருவியை அந்த மண்டலத்துக்கு மாற்றினால்தான் படம் வரும். மாற்றினேன். கருவியின் பதில்: 4. ஜப்பான் மல்யுத்தம் ஓடியது. இன்னொரு வட்டுக்கு மாற்றினேன். 3. ஆகா, ரேங்க் போடுகிறது. ஒரே நாளில் நாலிலிருந்து மூன்று.

நாள் 215, 16:05
கொரியச் சமையலுக்கு மாற்றினேன், 2. சீனாக்காரன் பட்டம் விடும் வட்டுக்கு மாற்றினேன், 1. முதல் ரேங்க். என்னை முட்டிபோட வைத்த வாத்தியார் பார்க்கணும். பூமிக்குச் செய்தி அனுப்பினேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம்.

16:50
கட்டுப்பாட்டு அறை எஸ்தர்: “அண்ணாச்சி, உங்க ரேங்கைக் கேட்டு இங்க எல்லாரும் சிரிச்சாச்சு. மண்டல ஆணையை இனி தொடாதீங்க. கையக் கட்டிட்டு உக்காருங்க. விவரம் அப்புறம்.”
கையைக் கட்டணுமாம். வயிற்றெரிச்சல் பிடித்த பொண்ணு.

16:58
அவளுக்குக் காட்டவே ஐந்தாம் மண்டலத்துக்கு மாற்றினேன். பதில்: 0. முதலுக்கும் மேலே ஓர் இடம் இருக்கிறது போல. ரஷ்ய சர்க்கஸ் ஓடுகிறது.

17:30
எஸ்தர்: “அது ரேங்க் இல்ல அண்ணாச்சி. இன்னும் எத்தன தடவ மாத்தலாம்ங்கற எண்ணிக்கை. தீந்தா கருவி பூட்டிக்கும். ஒண்ணு மிச்சம் இருக்குல்ல, அதத் தொடாதீங்க. காற்றுச் சுத்தி ரிப்பேர் படம் முதல் மண்டல வட்டுல இருக்கு. செஞ்ச கம்பெனி மூடியாச்சு, வேற பிரதி எங்கயும் இல்ல.”
இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? ஒன்று பத்திரமாக இருக்கிறது என்று பதில் அனுப்பிவிட்டேன். அவளிடம் போய்த் தோற்பேனா.

நாள் 221, 06:15
ஐந்து மணிக்கே காற்றுச் சுத்தி நின்றுவிட்டது, உடனே பூமிக்குச் சொல்லிவிட்டேன். தலை கனக்கிறது.
எஸ்தர்: “மண்டலம் மாத்தியாச்சா? படத்தப் பாத்து ஒவ்வொண்ணா சொல்லுங்க, மூணு பேர் காத்திருக்கோம். வாய்ச்சவடால் வேண்டாம்.”
மாற்று. 0. மாற்று. 0. ரிப்பேர் வட்டு கையில் இருக்கிறது. அதைப் போட்டால் வெறும் கறுப்புத் திரை.

07:40
படம் கண்ணாடி மாதிரி ஓடுகிறது, உங்கள் உதவி தேவையில்லை என்று எஸ்தருக்கு அனுப்பினேன். மூடியைக் கழற்றியாச்சு. உள்ளே ரெண்டு குழாய். சிவப்பைத்தான் முதலில் உருவணும். மூச்சு வாங்குது. நான் நினைச்சு இதுவரைக்கும் எதுவும் தப்பாப்